ஒரு ஹதீஸ் உங்கள் கைக்கு வந்தால்: புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊர்களில் தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கு மார்க்கம் பல வாசல் வழியாக வந்து சேர்கிறது. பள்ளிவாசலில் குத்பா மலாயில் நடக்கும். மஃரிபு, இஷா தொழுகைகளுக்கு நடுவில் சூரா என்கிற சிறு தொழுகைக்கூடத்தில் உஸ்தாஸ் கிதாபு வாசிப்பார், அதுவும் மலாய்தான். தமிழில் வேண்டுமென்றால் தமிழ்நாட்டு ஆலிம்களின் பயான் காணொளி இருக்கிறது. அதற்கும் நேரமில்லாதவர்களுக்கு வாட்சாப் இருக்கிறது. எந்த வாசலில் நின்றாலும் "நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள்" என்ற வார்த்தைதான் முதலில் காதில் விழும். நபியின் சொல், செயல் பற்றி இப்படி வந்து சேரும் செய்திதான் ஹதீஸ். அதற்குப் பின்னால் வருவது ஆயிரத்து நானூறு ஆண்டாக அறிஞர்கள் அலசி உறுதிசெய்ததாகவும் இருக்கலாம், யாரோ போன மாதம் எழுதிவிட்டதாகவும் இருக்கலாம்.

இந்தக் கட்டுரை புதிதாகக் கற்பவர்களுக்காக. அதிலும், தோட்டத்தில் பிறந்து வளர்ந்து பிறகு இஸ்லாத்துக்கு வந்தவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். இங்கே முவாலாஃப் என்று அழைக்கப்படுகிற அவர்களிடம்தான் ஆளாளுக்கு ஹதீஸ் சொல்கிறார்கள். அதில் பாதி பயமுறுத்துகிற ஹதீஸ். "இது சரியான ஹதீஸா?" என்று திருப்பிக் கேட்டால் ஈமான் குறைவு என்று நினைத்துவிடுவார்களோ என்று அவர்கள் வாயைத் திறப்பதில்லை.

கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் விசாரித்துத் தெளிந்துகொள்ளுங்கள் என்று குர்ஆனே சொல்கிறது (49:6). ஹிஜ்ரி 110இல் மறைந்த பஸராவின் இப்னு ஸீரீன் சொன்னது இமாம் முஸ்லிமின் முன்னுரையில் இருக்கிறது: ஆரம்பத்தில் யாரும் அறிவிப்பாளர் வரிசையைக் கேட்கவில்லை, குழப்பம் வந்த பிறகு "உங்களுக்கு யார் சொன்னார்கள், பெயரைச் சொல்லுங்கள்" என்று கேட்க ஆரம்பித்தார்கள் என்கிறார். ஆக, நீங்கள் கேட்கப்போகும் கேள்வி இந்த மார்க்கத்தின் மூத்த தலைமுறை கேட்ட அதே கேள்விதான்.

முதல் வேலை: எந்த நூல், எந்த எண்?

ஒரு ஹதீஸ் வந்தால் அது நல்லதா கெட்டதா என்று யோசிப்பதற்கு முன்னால், அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். "புகாரியில் இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் போதாது. எண் வேண்டும், அல்லது எந்தப் பாடம் என்றாவது தெரிய வேண்டும். நூல் பெயரே இல்லாமல் "ஹதீஸில் வருகிறது" என்று முடிந்தால் அதை அப்படியே நிறுத்தி வையுங்கள். மறுக்க வேண்டாம், பரப்பவும் வேண்டாம்.

நிறையச் செய்திகள் இந்த முதல் படியிலேயே விழுந்துவிடும். ஒவ்வொரு ஆண்டும் ரஜப், ரமலான் நெருங்கும்போது ஒரு செய்தி சுற்றும்: இந்த மாதம் வருவதை யார் முதலில் மற்றவருக்கு அறிவிக்கிறாரோ அவருக்கு நரகம் ஹராமாகிவிடும் என்று. இப்படி ஒரு ஹதீஸ் எந்த ஹதீஸ் நூலிலும் இல்லை. அனுப்புகிறவர் நல்ல எண்ணத்தில்தான் அனுப்புகிறார். ஆனால் நபி (ஸல்) சொல்லாததைச் சொன்னதாகச் சொல்வது சின்ன விஷயம் இல்லை. "என்மீது வேண்டுமென்றே பொய் சொல்பவர் நரகத்தில் தம் இடத்தைத் தேடிக்கொள்ளட்டும்" என்ற ஹதீஸை அறுபதுக்கும் மேற்பட்ட நபித்தோழர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஹதீஸ் உலகத்தில் இந்த அளவுக்குப் பலமான செய்திகள் மிகக் குறைவு.

நூல்களின் பெயரைப் பழகிக்கொள்ளுங்கள். புகாரி (மறைவு 870), முஸ்லிம் (875), இப்னு மாஜா (887), அபூதாவூத் (889), திர்மிதி (892), நஸாயீ (915), இந்த ஆறும் முதன்மையானவை. இவற்றுக்கு முந்தியது இமாம் மாலிக்கின் (795) முவத்தா. இமாம் அஹ்மதின் (855) முஸ்னத் மிகப் பெரியது. புகாரியும் முஸ்லிமும் ஸஹீஹான, அதாவது உறுதியான ஹதீஸ்களை மட்டும் சேர்ப்பது என்று நோக்கம் வைத்துத் தொகுத்தார்கள். மற்ற நால்வருக்கும் அந்த நோக்கம் இல்லை, அவர்களுடைய நூல்களில் பலவீனமானவையும் உண்டு. அதனால் "இப்னு மாஜாவில் இருக்கிறது" என்பது முகவரி மட்டும்தான், சான்றிதழ் இல்லை.

தமிழில் புகாரி, முஸ்லிம் மொழிபெயர்ப்புகளைச் சென்னை ரஹ்மத் அறக்கட்டளை வெளியிட்டிருக்கிறது. ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும்: பதிப்புக்குப் பதிப்பு ஹதீஸ் எண் மாறும். பரவலாகப் பயன்படும் எண்முறையில் புகாரி 7563இல் முடிகிறது, முஸ்லிம் 3033இல் முடிகிறது. உங்கள் கையிலுள்ள புத்தகத்தில் எண் பொருந்தவில்லை என்றால் உடனே "பொய் ஹதீஸ்" என்று முடிவுகட்டாமல் பாடத் தலைப்பை வைத்துத் தேடுங்கள்.

இரண்டாவது: யார் சொல்லி யார் கேட்டது

ஒவ்வொரு ஹதீஸுக்கும் இரண்டு பகுதி. அறிவிப்பாளர் வரிசை இஸ்னாது, சொல்லப்பட்ட செய்தி மத்ன். தமிழ் மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலும் கடைசித் தோழரின் பெயரை மட்டும் போட்டுவிட்டு மற்ற பெயர்களை விட்டுவிடுகிறார்கள். வாசிக்க வசதிதான், ஆனால் சோதனை நடப்பது அந்த விட்டுப்போன பெயர்களில்.

புகாரியின் முதல் ஹதீஸையே எடுத்துக்கொள்வோம். செயல்கள் எல்லாம் எண்ணங்களைப் பொறுத்தே என்பது அது. புகாரிக்குச் சொன்னவர் ஹுமைதி. அவருக்கு ஸுஃப்யான். அவருக்கு யஹ்யா இப்னு ஸயீத் அல்அன்ஸாரி. அவருக்கு முஹம்மத் இப்னு இப்ராஹீம் அத்தைமீ. அவருக்கு அல்கமா இப்னு வக்காஸ். அவருக்கு நபித்தோழர் உமர் (ரலி), பள்ளிவாசல் மேடையான மிம்பரில் நின்று சொன்னார்கள். இந்த ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி அறிஞர்கள் கேட்டார்கள்: இவர் எப்போது பிறந்தார், எப்போது இறந்தார், எந்த ஊரில் இருந்தார், முன்னவரை நேரில் சந்தித்தாரா, நாணயமானவரா, நினைவாற்றல் எப்படி? இதற்கென்றே ஆயிரக்கணக்கான பெயர்களோடு தனி நூல்கள் எழுதினார்கள்.

நாணயமும் நினைவாற்றலும் தனித்தனியானவை என்பதைப் புதியவர்கள் அவசியம் புரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்தில் கிராணி ஒருவர் காசு விஷயத்தில் தங்கமானவராக இருப்பார், ஆனால் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் பெயரை மாற்றி எழுதிவிடுவார். அவரைத் திருடன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சம்பளத்தன்று கணக்கை மட்டும் இன்னொருவர் ஏட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். எகிப்தின் நீதிபதி இப்னு லஹீஆ (மறைவு ஹிஜ்ரி 174) இப்படிப்பட்டவர். அவருடைய ஏடுகள் எரிந்துபோன பிறகு அவர் சொல்வதில் குழறுபடி வந்தது என்கிறார்கள். எனவே அதற்கு முன் அவரிடம் கேட்ட இப்னுல் முபாரக், இப்னு வஹ்பு போன்றோர் அறிவிப்பதை ஒரு தரத்தில் வைத்தார்கள், பின்னால் கேட்டவர்கள் அறிவிப்பதை வேறு தரத்தில் வைத்தார்கள். ஒரே மனிதர், ஆனாலும் அவரிடம் எந்தக் காலத்தில் கேட்டது என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். இந்த நுணுக்கத்தை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு ஹதீஸ் கலைமீது வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

இந்தச் சோதனையின் முடிவாகத்தான் தரம் வருகிறது. வரிசை அறுபடாமல், எல்லோரும் நம்பகமாகவும் நினைவில் துல்லியமாகவும் இருந்து, தம்மைவிடப் பலமானவர்களுக்கு முரணாகச் சொல்லாமல், மறைவான குறையும் இல்லாமல் இருந்தால் ஸஹீஹ். நினைவாற்றல் ஒரு படி இறங்கினால் ஹஸன். குறை இருந்தால் ளயீஃப், அதாவது பலவீனமானது. இட்டுக்கட்டியது மவ்ளூஃ. ளயீஃபும் மவ்ளூஃவும் ஒன்றல்ல. பலவீனம் என்றால் உறுதிப்படவில்லை என்று அர்த்தம், பொய் என்று அர்த்தமில்லை.

தரம் என்பது யாரோ ஓர் அறிஞரின் தீர்ப்பு. அல்பானி (மறைவு 1999) ஹஸன் என்றதை ஷுஐப் அர்னாவூத் (மறைவு 2016) பலவீனம் என்று சொல்லியிருக்கலாம். எனவே "ஸஹீஹ்" என்று எழுதியிருந்தால் யார் சொன்னது என்றும் பாருங்கள்.

மூன்றாவது: பக்கத்தில் உள்ள அறிவிப்புகள்

ஒரே செய்தி பல வழிகளில் வந்திருக்கும். ஒன்றில் பாதி இருக்கும், இன்னொன்றில் சந்தர்ப்பம் இருக்கும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சில வாசகங்களை வைத்துப் பழகலாம். "சீனா சென்றேனும் கல்வியைத் தேடு" என்பதை இப்னு ஹிப்பான் அடிப்படையற்றது என்றார், இப்னுல் ஜவ்ஸி இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பில் சேர்த்தார். ஆனால் கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிமுக்கும் கடமை என்பது இப்னு மாஜாவில் வருகிறது, பல வழிகள் சேர்ந்து பலம் பெறுவதால் அதை ஏற்றவர்கள் பலர். தாயின் காலடியில் சொர்க்கம் என்பது மலேசியாவில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பிரபலமான வாசகத்தின் அறிவிப்பு பலவீனம். அதே கருத்து நஸாயீயில் வேறு விதமாக வருகிறது: போருக்குப் போக அனுமதி கேட்டு வந்த ஜாஹிமா என்பவரிடம், தாய் இருக்கிறாரா என்று நபி (ஸல்) கேட்டு, அவரோடு இரு, சொர்க்கம் அவர் பாதங்களின் கீழ் இருக்கிறது என்றார்கள். பொதுவான புகழ்மொழியாக இருந்தது இங்கே ஒரு மகனுக்குச் சொன்ன நேரடிக் கட்டளையாகிறது.

நான்காவது: குர்ஆனோடு வைத்துப் பார்ப்பது

இந்தப் படியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் தோட்டக் குடும்பங்களில் இது மனத்தைக் கிழிக்கிற விஷயமாக வருகிறது.

தாயோ தகப்பனோ இறந்துபோகிறார்கள். அவர்கள் இந்துவாகவே இருந்து இறந்திருக்கலாம், இஸ்லாத்துக்கு வந்து இறந்திருக்கலாம். நம் வீடுகளில் பெண்கள் கூடி, கட்டிப்பிடித்து, ஒப்பாரி வைத்து அழுவார்கள். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் அழுகிற மகளின் காதில் வந்து சொல்வார்: "அழாதேம்மா, நீ அழுதால் மையித்துக்கு (இறந்தவருக்கு) வேதனை. ஹதீஸ் இருக்கு." அந்தப் பெண் அழுகையை விழுங்கிக்கொள்வாள். பிறகு பல நாள், தான் அழுததால் அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று தவிப்பாள்.

ஹதீஸ் இருப்பது உண்மை. புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது, ஸஹீஹானது. ஹிஜ்ரி 23இல் உமர் (ரலி) கத்தியால் குத்தப்பட்டுக் கிடந்தபோது ஸுஹைப் (ரலி) அழுதுகொண்டே உள்ளே வந்தார். "குடும்பத்தார் அழும் சில அழுகையால் மையித்து வேதனை செய்யப்படுகிறது என்று நபி சொல்லியிருக்க, நீ எனக்காக அழுகிறாயா?" என்று உமர் கேட்டார்கள். உமர் மறைந்த பிறகு இப்னு அப்பாஸ் (ரலி) இதை நபியின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொன்னார். ஆயிஷா அவர்கள் உமருக்காக அல்லாஹ்வின் அருளைக் கேட்டுவிட்டு, நபி (ஸல்) அப்படிச் சொல்லவில்லை என்று ஆணையிட்டு மறுத்தார்கள். இறைமறுப்பாளருக்குத்தான் குடும்பத்தார் அழுகையால் அல்லாஹ் வேதனையை அதிகமாக்குகிறான் என்று நபி சொன்னார்கள் என்றார்கள். அதோடு, உங்களுக்குக் குர்ஆன் போதும் என்று சொல்லி, ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்ற வசனத்தை (6:164) எடுத்து வைத்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சொன்னவர் உமர், சாதாரண ஆள் இல்லை. அவர் பொய் சொன்னார் என்று ஆயிஷா ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கேட்டதில் பிசகு நேர்ந்திருக்கலாம் என்றார்கள், குர்ஆனை அளவுகோலாக வைத்தார்கள். செய்தியின் உள்ளடக்கத்தைச் சோதிப்பது பிற்காலத்து நவீனர் கண்டுபிடித்தது என்று யாராவது சொன்னால் இந்தச் சம்பவத்தைச் சொல்லுங்கள்.

அப்புறம் அறிஞர்கள் உமரின் அறிவிப்பைத் தூக்கிப் போட்டுவிடவும் இல்லை. உமரின் மகனும் இதை அறிவிக்கிறார், வேறு தோழர்களும் அறிவிக்கிறார்கள். இமாம் புகாரி பாடத் தலைப்பிலேயே ஒரு வழி காட்டினார்: ஒப்பாரி வைப்பது இறந்தவரின் வழக்கமாக இருந்திருந்தால்தான் அது அவரைச் சேரும் என்று. தன் வீட்டில் அதை வளர்த்தவர், தடுக்காமல் விட்டவர், தனக்காக அப்படிச் செய்யச் சொல்லிவிட்டுப் போனவர் என்று பொருள் கொண்டார்கள். அப்படிப் பார்த்தால் அவர் சுமப்பது தம் சொந்தச் சுமை, வசனத்தோடு மோதல் இல்லை.

அடுத்து, கண்ணீருக்கும் ஒப்பாரிக்கும் உள்ள வித்தியாசம். கன்னத்தில் அறைந்துகொள்வது, சட்டையைக் கிழிப்பது, அறியாமைக் காலத்துப் புலம்பல் ஆகியவற்றைச் செய்பவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் தெளிவாக இருக்கிறது. அதே புகாரியில், நபி (ஸல்) அவர்களின் குழந்தை இப்ராஹீம் உயிர் பிரிகிற நேரம் அவர்களுடைய கண்கள் நீர் சொரிந்ததும் இருக்கிறது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வியந்து, "நீங்களுமா, அல்லாஹ்வின் தூதரே?" என்று கேட்டார். இது இரக்கம் என்றார்கள். கண் அழுகிறது, உள்ளம் வருந்துகிறது, நம் இறைவனுக்குப் பிடித்ததைத் தவிர வேறெதையும் சொல்ல மாட்டோம் என்றார்கள்.

அந்த மகளின் காதில் சொல்ல வேண்டியது இந்தக் கடைசி ஹதீஸ். அழு அம்மா, நபியும் அழுதார்கள் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு அறிவிப்பை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்றவற்றைப் பார்க்காமல், துக்க வீட்டில் தீர்ப்புச் சொல்வது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. ஸஹீஹான ஹதீஸ் கையில் இருப்பது மட்டும் போதாது.

ஐந்தாவது: நம்பிக்கைக்கா, சட்டத்துக்கா, நற்செயலுக்கா?

ஒரு ஹதீஸை எதற்காக எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அதற்கு வேண்டிய பலமும் மாறும்.

நம்பிக்கை விஷயம் என்றால், அஷ்அரீ, மாத்துரீதீ என்ற இரு கோட்பாட்டு வழிகளின் அறிஞர்கள், மறுத்தால் ஈமானே போய்விடும் என்கிற அடிப்படைகளுக்குக் குர்ஆனோ முதவாதிரோ வேண்டும் என்பார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் பெருங்கூட்டம் அறிவித்தது முதவாதிர். அந்த அளவுக்கு ஆள் இல்லாதது ஆஹாத். ஸஹீஹான ஆஹாத் ஹதீஸே நம்பிக்கைக்கும் போதும் என்பது ஹதீஸ் வழியைப் பிடித்த இன்னொரு தரப்பு, ஸலஃபிகள் இந்தப் பக்கம். பெரிய அறிஞர்களுக்குள்ளேயே இதில் பேச்சு உண்டு. புகாரியும் முஸ்லிமும் சேர்ந்து பதிந்தது உறுதியான அறிவைத் தரும் என்றார் இப்னுஸ் ஸலாஹ். முதவாதிராக இல்லாதவரை வலுவான அனுமானம்தான் என்றார் நவவீ. மலேசியாவில் சமயப் பள்ளிகளில் பரவலாகப் படிக்கும் நாற்பது ஹதீஸ் தொகுப்பைத் தந்த அதே நவவீதான்.

சட்டத்துக்கு ஸஹீஹ், ஹஸன் ஆகியவை ஆஹாதாக இருந்தாலும் போதும். மேலே சொன்ன எண்ணம் பற்றிய ஹதீஸையே பாருங்கள். உமர், அல்கமா, தைமீ, யஹ்யா என்று நான்கு தலைமுறைக்கு ஒற்றை இழையாகத்தான் வருகிறது, யஹ்யாவுக்குப் பிறகே பலர் அறிவிக்கிறார்கள். ஆனாலும் தொழுகை, நோன்பு, விவாகரத்து, சத்தியம் என்று சட்டத்தின் எத்தனையோ பாடங்கள் அதன்மேல் நிற்கின்றன.

நற்செயல்களின் சிறப்பைச் சொல்லும் பலவீன ஹதீஸை எடுக்கலாம் என்று நவவீ போன்றோர் சொன்னார்கள். புகாரிக்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜர் நிபந்தனை போட்டார்: கடுமையான பலவீனம் இருக்கக்கூடாது, ஏற்கெனவே உள்ள ஓர் அடிப்படைக்குள் அது அடங்க வேண்டும், நபி சொன்னது உறுதி என்று நம்பிச் செய்யக்கூடாது. ஷஃபான் பாதி இரவு பற்றி இப்னு மாஜாவில் அலீ (ரலி) பெயரில் வரும், இரவில் நின்று வணங்கிப் பகலில் நோன்பு வையுங்கள் என்ற அறிவிப்பில் இப்னு அபீ ஸப்ரா என்பவர் இருக்கிறார். இட்டுக்கட்டுபவர் என்று குற்றம் சாட்டப்பட்டவர் அவர். இது அந்த முதல் நிபந்தனையிலேயே நின்றுவிடும். அந்த இரவின் சிறப்பைப் பற்றி வேறு அறிவிப்புகளும் உண்டு, அவை எல்லாம் சேர்ந்து பலம் பெறுகின்றன என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. ஊர்ப் பள்ளிவாசலில் அன்றிரவு யாஸீன் ஓதுகிறவர்களிடம் போய்ச் சண்டை போட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

மத்ஹபு ஏன் மாறுகிறது என்று புரிந்துகொள்ள

மார்க்கச் சட்டத்தை விளங்கும் வழிமுறைக்கு மத்ஹபு என்று பெயர். இங்கே அரசாங்க அளவில் ஷாஃபிஈ மத்ஹபு. தமிழ்நாட்டு வேர் உள்ள ராவுத்தர் குடும்பங்களில் பெரும்பாலும் ஹனஃபி. தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தமாகும் ஒளு செய்த பிறகு மனைவி கை பட்டுவிட்டது, ஒளு போயிற்றா? சூராவில் உஸ்தாஸ் போயிற்று என்பார். ஹனஃபி மாமனார் போகவில்லை என்பார். புதிய மருமகன் நடுவில் முழிப்பார்.

இதில் யாரும் ஹதீஸை அலட்சியம் செய்யவில்லை. நபி (ஸல்) தம் மனைவியரில் ஒருவரை முத்தமிட்டுவிட்டு ஒளு செய்யாமல் தொழப் போனார்கள் என்ற ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. ஹபீப் இப்னு அபீ ஸாபித், உர்வாவிடமிருந்து, அவர் ஆயிஷாவிடமிருந்து அறிவிக்கிறார். அதைப் பதிந்துவிட்டு திர்மிதியே எழுதுகிறார்: என் ஆசிரியர் புகாரி இதைப் பலவீனம் என்றார், ஹபீப் உர்வாவிடம் கேட்டதில்லை என்றார். வரிசையில் ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது. ஹனஃபிகள் வேறு வழிகளையும் சேர்த்து ஏற்றார்கள். நபி இரவில் தொழும்போது முன்னால் படுத்திருந்த தம்மைக் கையால் தொட்டுக் காலை மடக்கச் சொல்வார்கள் என்று ஆயிஷா அறிவிப்பது புகாரியிலேயே இருக்கிறது. அதையும் அவர்கள் காட்டுவார்கள். ஷாஃபிஈகள், நடுவில் துணி இருந்திருக்கலாம் என்பார்கள், குர்ஆனில் பெண்களைத் தீண்டினால் என்று வரும் இடத்தைக் கையால் தொடுவது என்று இப்னு உமர் (ரலி) விளங்கியதை எடுப்பார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அதைத் தாம்பத்தியம் என்று விளங்கினார்.

எனவே "ஹதீஸ் இருக்கே, அப்புறம் எப்படி அவர்கள் மாற்றிச் சொல்லலாம்?" என்று கேட்பதற்கு முன், அந்த ஹதீஸை எதிர்த்தரப்பு எப்படிப் பார்த்தது என்று கேளுங்கள். மருமகனுக்கு என் ஆலோசனை: எந்த உஸ்தாஸிடம் அடிப்படைப் பாடம் படிக்கிறாரோ அந்த மத்ஹபைப் பிடித்துக்கொள்ளட்டும், மாமனாரின் தொழுகையைச் செல்லாது என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

"குர்ஆன் மட்டும் போதாதா?"

இந்தக் கேள்வியும் வரும். மலேசியாவில் 1986இல் காசிம் அகமட் ஹதீஸின் அதிகாரத்தைக் கேள்வி கேட்டு எழுதிய நூல் பெரிய சர்ச்சையாகித் தடைசெய்யப்பட்டது. அந்த வாதங்கள் இன்றும் காணொளிகளில் சுற்றுகின்றன. தடை ஒரு பதிலாகாது, பதில் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

முதல் வாதம் கால இடைவெளி. நபி மறைந்தது 632இல், புகாரி இருநூறு ஆண்டு கழித்து. ஆனால் ஹதீஸ் புகாரியில் ஆரம்பிக்கவில்லை. அபூஹுரைராவின் (ரலி) மாணவர் ஹம்மாம் இப்னு முனப்பிஹின் ஏட்டை முஹம்மது ஹமீதுல்லாஹ் பெர்லின், டமாஸ்கஸ் கையெழுத்துப் பிரதிகளிலிருந்து பதிப்பித்தார். அதிலுள்ள சுமார் 138 ஹதீஸ்களைப் பிற்கால நூல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ஆட்சி 717–720) ஹதீஸ்களை எழுதித் தொகுக்கச் சொல்லி மதீனாவுக்குக் கடிதம் அனுப்பினார். இமாம் மாலிக்கின் பல அறிவிப்புகளில் அவருக்கும் நபிக்கும் நடுவில் நாஃபிஉ, இப்னு உமர் என்று இரண்டே பேர்.

இரண்டாவது, புகாரி ஆறு லட்சத்திலிருந்து சில ஆயிரத்தை எடுத்தார் என்றால் மீதி எல்லாம் பொய்யா என்பது. அந்த எண் வழிகளின் எண்ணிக்கை. ஒரே செய்தி நூறு வழியில் வந்தால் நூறு என்று கணக்கு. நூல் நீண்டுவிடும் என்று ஸஹீஹானவை பலவற்றை விட்டுவிட்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மேற்கத்திய ஆய்வாளர்களில் 1890 வாக்கில் கோல்ட்ஸிகரும், 1950இல் ஷாஹ்த்தும் ஹதீஸ்களில் பெரும்பகுதி பிற்காலத்தில் உருவானது என்றார்கள். முஸ்தஃபா அஃஸமி அதற்கு விரிவாக மறுப்பு எழுதினார். ஹரால்ட் மொட்ஸ்கி வரிசையையும் வாசகத்தையும் சேர்த்து ஆராய்ந்து, ஷாஹ்த் சொன்னதைவிடப் பல செய்திகளை முந்தைய காலத்துக்குக் கொண்டுபோக முடியும் என்று காட்டினார். விவாதம் ஓயவில்லை. முஸ்லிம்களுக்குள்ளும் புகாரி, முஸ்லிமில் சுமார் 200 ஹதீஸ்களின் வரிசையை தாரகுத்னீ (மறைவு 995) விமர்சித்தார், புகாரியில் உள்ளவற்றுக்கு இப்னு ஹஜர் ஒவ்வொன்றாகப் பதில் எழுதினார். இதைச் சொன்னதற்காக தாரகுத்னீயை யாரும் மார்க்கத்தை விட்டு வெளியேற்றவில்லை.

எல்லாவற்றுக்கும் மேல், சுபுஹு இரண்டு ரக்அத், ளுஹர் நான்கு என்பது குர்ஆனில் எண்ணாக இல்லை. தங்கம், வெள்ளி, பணத்துக்கு ஜகாத் நாற்பதில் ஒரு பங்கு என்பதும் இல்லை. ஹதீஸ் வேண்டாம் என்பவர் நாளைக் காலை எப்படித் தொழுவார் என்று நிதானமாகக் கேளுங்கள்.

யாரிடம் கேட்பது

மாநிலச் சட்டப்படி மார்க்கம் போதிக்க தவ்லியா என்ற அனுமதி வேண்டும். வீட்டுக்கு வந்து வகுப்பு எடுக்கிறேன் என்பவரிடம் அது இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்கலாம். மலாய் வாசிக்கத் தெரிந்தால் கூட்டரசுப் பிரதேச முப்தி அலுவலகத்தின் இர்ஷாத் அல்ஹதீஸ் என்ற தொடரைத் தேடிப் பாருங்கள். ஊரில் சுற்றும் பல செய்திகளை அங்கே ஏற்கெனவே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பேராக் மக்கள் ஈப்போவில் உள்ள மாநில முப்தி அலுவலகத்துக்கும் எழுதிக் கேட்கலாம்.

எழுதும்போது மூன்றைக் குறிப்பிடுங்கள்: நீங்கள் கேட்ட வாசகம் முழுவதும், அதை எங்கே யாரிடம் கேட்டீர்கள் என்பது, அதை வைத்து என்ன செய்யச் சொன்னார்கள் என்பது. "இந்த ஹதீஸ் சரியா?" என்று மட்டும் கேட்டால் "ஸஹீஹ்" என்று ஒரு வார்த்தையில் பதில் வந்துவிடும், துக்க வீட்டுக் கேள்விக்கு அது உதவாது. பதில் வந்ததும் நூல் பெயர், எண், தரம் சொன்னவர் பெயர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே செய்தி அடுத்த ரஜபில் மறுபடி வரும், அப்போது அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடலாம்.